கம்பிக்குச் சொல்லாத பதில்

ஜெசிந்தா வீட்டு லேண்ட்லைன் நம்பர் அன்றுதான் இன்டர்நெட் போனுக்கு மாறியது. கோபித்துக்கொண்டு போன தம்பிக்குத் தெரிந்த ஒரே நம்பர் என்பதால் அவள் அதை விடவில்லை.

புதுப் போன் வந்ததும் வராததுமாக, தனக்கு இன்டர்நெட் தரும் மோடத்திடம் கேட்டது: "இந்த அழுக்குக் கம்பி யாருண்ணே, உங்களுக்குச் சொந்தமா?"

"சேச்சே, பழைய டெலிபோனோட ஆளு" என்றது மோடம்.

சாயங்காலம் கம்பி பேசியது. "நம்பர் போயிடுச்சு, என்னையும் துண்டிக்கச் சொல்லிட்டாங்க. என்னை நம்பி யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா, இருந்துடறேன்."

மோடத்துக்கு பிராட்பேண்டே அந்தக் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் புதுப் போன் பார்த்துக்கொண்டிருந்ததே! மோடம் வாயைத் திறக்கவில்லை.

கம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தது. "சரி, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மோடத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜெசிந்தா புதுப் போனின் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. "ஐயோ, இந்நேரம் பார்த்து தம்பி கூப்பிட்டா?" என்றாள்.

"என்னண்ணே ஆச்சு?" என்றது புதுப் போன்.

மோடத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த முகத்தில் ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் மிச்சம் எரிந்தது.