மூன்றாம் நம்பர் கணினியில் ஒரு மரம்

நெட் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது, காத்தாயி பெரியம்மா மூன்றாம் நம்பர் கணினியின் முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது.

வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன், மண்ணோடு சேர்த்து டெலிபோன் கேபிளையும் வாரிவிட்டதாம்.

"எவ்வளவு தட்டினாலும் வராதுப்பா. எல்லாம் வாய்க்கால்ல கெடக்கு" என்றார் செல்லதுரை அண்ணன். இந்த ப்ரௌசிங் சென்டர் அவருடையது; நான் இங்கே வேலை பார்க்கிறவள்.

"அணையில தண்ணி எவ்வளவுன்னு பாக்க வந்தேன். தண்ணிக்குத் தோண்டியே அதைக் கெடுத்துட்டானுங்களா?" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சிரித்தபடி மற்றவர்களும் எழுந்தார்கள்.

பெரியம்மா எழவில்லை. அவளுக்கு நெட் என்றால் என்னவென்று தெரியாது. மரம் தெரியும்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷில் முகவரி அடிக்க வராது. பத்தாவது பாதியில் நின்ற எனக்கும் முதலில் வரவில்லை. அதனால் அடிக்கடி கேட்கிற பக்கங்களை எல்லாம் கணினியின் முகப்பிலேயே சின்னச் சின்னப் படங்களாக வைத்துவிட்டேன். இரண்டு தட்டு தட்டினால் பக்கம் திறக்கும். பட்டா பார்க்கச் சாவி. பரீட்சை முடிவுக்கு நட்சத்திரம்.

"இது கம்ப்யூட்டரா, நாத்தங்காலா? இந்த நெருக்கு நெருக்கி வச்சிருக்கே" என்று அண்ணன் கேலி செய்வார்.

மரம், பரிதிக்கு.

பரிதி பெரியம்மாவின் ஒரே மகன். மலேசியா போய் ஐந்து வருஷம். போன் நின்று மூன்று வருஷம். படம் போடுகிற ஒரு தளத்தில் மட்டும் அவன் பக்கம் இருந்தது. நான் அதில் எழுதி அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

வாரம் ஒரு நாள் பெரியம்மா வருவாள். மரத்தைத் தட்டுவாள். நீலச் சட்டையில் மகன் வருவான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் நன்றாக இருக்கிறான் என்று மருமகள் செந்தாமரையிடம் சொல்லப் போவாள். பரிதி கட்டிய தாலியோடு, அந்த வீட்டில் அவளுக்குத் துணையாக இருப்பவள் செந்தாமரை ஒருத்திதான்.

"பெரியம்மா, நெட் இல்லை. நாளைக்கு வாங்க" என்று ஓடினேன்.

அதற்குள் தட்டிவிட்டாள்.

பரிதி வந்தான்.

மற்ற ஐந்து திரைகளும் வெள்ளையாக இருந்தன. பெரியம்மா அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். நடவிலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"எல்லாருக்கும் போயிடுச்சுங்கறாங்க. இவன் மட்டும் எப்படி பாப்பா வர்றான்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பொய் சொல்லக்கூடச் சரளமாகப் பேச வர வேண்டும். எனக்கு அதுவும் வராது.

"இது அங்கேருந்து வரலை பெரியம்மா. இங்கேயே இருக்கு. நான்தான் எடுத்து வச்சேன்."

அவள் திரையையே பார்த்தாள்.

"மடையை அடைச்சாலும் வயல்ல நிக்குமே, அந்தத் தண்ணியா?"

தலையாட்டினேன்.

"எத்தனை நாள் தண்ணி?"

"அஞ்சு மாசம்."

ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கான்?"

இந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. புதுப் படம் ஒன்று இருக்கிறது என்றேன். பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள், தன்னை அவளுடைய புருஷன் என்றுதான் அவன் படத்தின் கீழே எழுதியிருக்கிறான் என்றேன். அவன் தோளில் ஒரு பெண் குழந்தை என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"யார் ஜாடை?"

"மூக்கு உங்களுதுதான்."

மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அண்ணன் வாசலில் யாரிடமோ பொக்லைன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்றாலும் பெரியம்மா குரலைத் தணித்தாள்.

"செந்தாமரை எப்பவாவது வந்து கேட்டா இதையே காட்டு பாப்பா. தெரிஞ்சா போயிடுவா. எவ இருப்பா? அவளும் போயிட்டா எனக்கு யாரு?"

"சரி பெரியம்மா."

வழக்கம்போல் மகனை இன்னொரு தரம் பார்த்துவிட்டு எழுந்தாள். எழும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கிப் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

சொல்ல முடியாது. வேறொருத்திக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள், அதே நாற்காலியில் உட்கார்ந்து புதுப் படத்தை முதலில் பார்த்தவள் செந்தாமரை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "அத்தை தாங்க மாட்டாங்க, பழசையே வச்சிடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இது ஆனி. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.