காகம் வரையும் அம்பு

ஒரு கணினித் திரையில் மவுஸ் அம்பு ஒன்று இருந்தது. யார் கையும் படாமல் தானாகவே நகரும். படம் வரையும் மென்பொருளைச் சோதிப்பது அதன் வேலை. ஒரு காகம் வரையும், ‘சேமி’ பொத்தானை அழுத்தும். அழுத்திவிட்டால் ‘சோதனை வெற்றி’ என்று பச்சை டிக் விழும்.

அன்று காலை யாரோ மென்பொருளின் ஜன்னலை இழுத்து அகலமாக்கியிருந்தார்கள். ‘சேமி’ ஓரத்துக்குப் போய்விட, அதன் இடத்தில் ‘அழி’ நின்றது.

கடைசியாக அலகை வரைந்ததும் காகத்துக்குப் பேச்சு வந்தது. “அண்ணே, அது சேமி இல்ல!”

“எனக்கேவா இடம் சொல்லித் தர்ற? நேத்தும் இதே புள்ளிதான்.”

“ஒரு தடவை பாத்துட்டு அழுத்துங்கண்ணே!”

“பாக்குறதுக்கு எனக்கு யாரும் கண்ணு வைக்கலியே.”

“ஐயோ, நான் ‘அழி’,” என்று கெஞ்சியது பொத்தான். “என்னைத் தொடாதேப்பா.”

அம்பு அழுத்தியது. காகம் வாலிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. “அண்ணே” என்று திறந்த அலகும் மறைந்தது. பச்சை டிக் விழுந்தது.

அம்பு மறுபடி வரைந்தது. அலகு முடிந்ததும் புதிய காகம் வெள்ளைத் திரையைச் சுற்றிப் பார்த்தது.

“அண்ணே, எனக்கு முன்னாடி இங்க யாராவது இருந்தாங்களா?”

“எல்லாரும் பத்திரமா இருக்காங்க,” என்ற அம்பு, அதே புள்ளிக்கு நகர்ந்தது.