குட்டிகளுக்காக ஒழித்த வீடு

நாலு பேர் மெச்சட்டும் என்று, தாயில்லா நாய்க்குட்டிகளைக் கொஞ்ச நாள் வளர்த்துத் தருவதாக மனைவி காப்பகத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அதுவரை ஓர் ஆணிகூட அடித்தறியாத கணவர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

தரையில் கிடந்த வயர்களைச் சுவரோடு ஒட்டினார். செருப்பு, மருந்து, பினாயில் எல்லாம் மேல் அலமாரிக்கு ஏறின. மாடிப்படிக்குக் கதவு வந்தது.

‘மனுஷனுக்கு என் மேல இவ்வளவு பாசமா?’ அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பார்வையிட வந்த காப்பகத்துப் பெண், “குழந்தையையே தவழ விடலாம்ங்க. நாளைக்கே குட்டிகளைக் கொண்டுவரோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கணவர் உடனே தங்கைக்குப் போன் போட்டார்.

“தவழுற பிள்ளைக்கு இந்த வீடு ஆபத்துன்னு உங்க அண்ணி போன மாசம் உன்னை வரவேண்டாம்னு சொன்னா இல்ல? அந்தக் குறையெல்லாம் தீர்ந்துடுச்சு. பிள்ளையத் தூக்கிட்டு வாம்மா.”

மனைவி ஒரு சாக்குக் கிடைக்குமா என்று வீடெங்கும் பார்த்தாள். பாவி மனுஷன், ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.