இரண்டு குடைச் சட்டம்

ரிப்பேர் கடையிலிருந்து தன் குடையையும் மனைவியின் பூப்போட்ட குடையையும் வாங்கிக்கொண்டு வந்தவரை போலீஸ்காரர் மறித்தார்.

"நம்ம நாட்டுல ஒரு ஆள் ரெண்டு குடை எடுத்துட்டுப் போகக்கூடாது. நூத்தம்பது வருஷத்துச் சட்டம், தெரியாதா சார்?"

"அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்க!"

போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைத் துணுக்கை எடுத்து நீட்டினார். "ஸ்டேஷன்ல எல்லாருக்கும் ஜெராக்ஸ் கொடுத்திருக்கோம். படிச்சவர் மாதிரி இருக்கீங்க, சொந்த நாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியலையே!"

"சுத்தக் கப்சாங்க இது!"

"கப்சான்னா எழுதினவனைப் பிடிச்சு உள்ளே தள்ளிட மாட்டோம்?"

அவர் தன் குடையைக் கொடுத்துவிட்டு, பூப்போட்ட குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

பத்திரிகை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, அடுத்த வாரத்துக்கு எழுதி வைத்திருந்த 'செருப்புச் சட்டம்' துணுக்கைக் கிழித்துப் போட்டார்.