சில்லறை வேலை

"டூட்டியில உக்காந்து கேம் ஆடறியா?"

புதிதாக வந்திருந்த தலைமை நர்ஸின் குரலில் டயாலிசிஸ் அறையே திரும்பிப் பார்த்தது.

டெக்னீஷியன் பெண் பதறி எழுந்தாள். இரண்டாகப் பிரியும் கேம் கண்ட்ரோலரில் தன் கையிலிருந்த பாதியை மட்டும் விடவில்லை. அதன் மறுபாதி கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் கையில் இருந்தது.

"இது என் சாப்பாட்டு நேரம் சிஸ்டர். மெஷின் எல்லாத்தையும் இன்னொருத்தர் பாத்துக்கறாங்க."

"ஒரே நிமிஷம் சிஸ்டர், ஆடு ஆத்துல விழுந்துடும்," என்றார் பெரியவர்.

ரிட்டயரான பஸ் டிரைவர். ஒரு கையில் ஊசி. ரத்தம் சுத்தமாகி முடியும்வரை அதை அசைக்கக் கூடாது. அதனால் நடப்பது, ஓடுவது, திரும்புவது எல்லாம் அவருடைய மற்ற கை. கத்தி வீசுவதும் கதவு திறப்பதும் அவளுடைய கை. பேசிக்கொள்ளாமலே ஒரே ஆள் ஆடுவதுபோல ஆடினார்கள். தலைமை நர்ஸ் திட்ட வந்ததை மறந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

டிவி திரையில் ஆடு பத்திரமாகக் கிழவியிடம் போய்ச் சேர்ந்தது. கிழவி ரெண்டு முள்ளங்கி கொடுத்தாள்.

"இதுக்கா இவ்வளவு பாடு? என் பையனும் இதத்தான் ஆடறான். கோட்டைக்குப் போய் அரக்கனக் கொல்றதுதான் கதை, நடுவுல வர்ற இந்த சைடு குவெஸ்ட் எல்லாம் சுத்த வேஸ்ட்டும்பான்."

"அதெப்படி சிஸ்டர்? வழியில ஒருத்தர் கையக் காட்டினா நிறுத்தாமப் போறதா? இந்தச் சில்லறை வேலையெல்லாம் முடிச்சாத்தான் கோட்டை," என்றார் பெரியவர்.

தலைமை நர்ஸ் டெக்னீஷியன் பெண்ணைத் தனியே அழைத்தார்.

"அங்க கேம்ல ஊரே பத்தி எரியுது, அவர் ஆடு தேடறாரு. சாப்பாட்ட விட்டுட்டு நீயும் கூட சேந்து தேடறே. என்னம்மா இது?"

அவள் தயங்கினாள்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு சார் இருந்தாரு சிஸ்டர். 'குத்திக் குத்தி அலுத்துப் போச்சும்மா, போதும்'னு வர்றதையே நிறுத்திட்டாரு. கொஞ்ச நாள்ல போயிட்டார்னு தகவல் வந்துடுச்சு. அப்புறம் இவரும் அதே மாதிரி போதும்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் இந்த கேம வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்."

"சரி, அதுக்கு ஆடு எதுக்கு?"

"கோட்டைக்குப் போனா கதை முடிஞ்சிடுமே. ஆடு, மாடு, கிணத்துல விழுந்த மோதிரம்னு சுத்த விடறேன். எதையாவது பாதியில நிறுத்திட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். மீதிய முடிக்க வந்துடுவாரு."

இத்தனை வருஷ சர்வீசில் ஒரு உயிரை ஆட்டுக்குட்டியைக் காட்டி இழுத்துப் பிடித்தவர் யாரையும் தலைமை நர்ஸ் கண்டதில்லை.

"போய்ச் சாப்பிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்று கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணத் திட்டிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லைங்க ஐயா. ஆமா, கோட்டைக்கு எப்பப் போறதா உத்தேசம்?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். அவள் போய்விட்டாள் என்று தெரிந்ததும் சிரித்தார்.

"போயாச்சு. மருமகன் இதே கேம வச்சிருக்காரு. ரெண்டு பேருமா உக்காந்து போன மாசமே அரக்கனக் கொன்னாச்சு."

"அப்புறம் இங்க எதுக்கு ஆடு தேடறீங்க?"

"பக்கத்துக் கட்டில்காரர் போனப்ப அந்தப் பொண்ணு மருந்து ரூம்ல நின்னு அழுததப் பாத்தேன். இந்த வேலையே வேணாம்னு கிளம்ப இருந்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொருத்தரும் வராமப் போனா அது தாங்காது சிஸ்டர். ஆடு தேடத்தான் நான் வர்றேன்னு நெனச்சிட்டிருக்கு, நீங்களும் சொல்லிடாதீங்க."