நிற்குமா என்று சொல்லாத பெட்டி

ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவின் கம்ப்யூட்டர் சென்டரில் மணி நாலாகப் போகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மணி கேட்கும் சாக்கில் வந்த பக்கத்து வீட்டு சரோஜா, செருப்பை வாசலில் விட்டு, அங்கே படிக்கும் யதுகிரியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் வீட்டிலும் கடிகாரம் ஓடுகிறது, அது வேறு விஷயம். இருக்கிற ஒரே கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று மட்டும் காலையிலிருந்து கண்சிமிட்டுகிறது. “இன்னாம்மா பண்ணுது?” “வேற ஒரு புரோகிராம் எப்பவாவது நிக்குமா, சுத்திண்டே இருக்குமான்னு கண்டுபிடிக்கறது, அக்கா. நாளைக்குக் காலேஜ்ல காட்டணும்.” “சரி, இது எப்ப நிக்கும்?” யதுகிரி நகத்தைக் கடிக்கிறாள். “தெரியலைக்கா.” “பால் பொங்கறதுக்கு முன்னாடி ஓரத்துல நுரை கட்டுமே. இதுக்கு அது மாரி ஒண்ணும் கெடையாதா?” “கிடையாதுக்கா.” வாசலில் நாலு மணி வகுப்புக்காரர்களின் செருப்புகள் சேர்ந்துவிட்டன. சென்டர்காரர் ஸௌந்தரராஜன் வந்து சுவிட்சில் விரல் வைக்கிறார். அணைத்தால் காலையிலிருந்து ஓடியதெல்லாம் போயிற்று. “அணைச்சிடட்டுமா?” “அடுத்த நிமிஷமே பதில் வந்துடலாம் சார்.” “வராமலே போகலாம்.” “போகலாம் சார்.” விரல் அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை. மின்விசிறிக் காற்றோடு பக்கத்து வீட்டிலிருந்து பால் தீயும் வாடை வருகிறது. “இன்னும் ஒரே ஒரு நிமிசம் பாப்போம் சார்” என்கிறாள் சரோஜா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.