நடு நாற்காலி

பள்ளிகளில் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. அன்றும் டீச்சர் போனில் கூப்பிட்டதும் ஓடோடி வந்து, வழக்கம்போல நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெற்றோர் நாற்காலி காலியாக இருந்தது.

டீச்சர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "பொண்ணு யார்கிட்டயும் வாயே திறக்கறதில்ல. செத்துடலாம் போல இருக்குன்னு நேத்து சொல்லிட்டா."

"அதை அப்படியே சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. வரட்டும், கொஞ்சம் சோர்வா இருக்கான்னு பக்குவமா சொல்லிடறேன்."

"அம்மா ஊரார் பிள்ளைங்களுக்காகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்ததும் தலைவலின்னு படுத்துடறாங்களாம்."

அவள் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் காலி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க பொண்ணுதாம்மா. இன்னைக்கு நீங்க இங்க உக்காருங்க."

மாறி உட்கார்ந்தாள். பக்குவமாகச் சொல்ல நடுவில் யாருமில்லை.